ஜபாலா சொன்ன உண்மை

மகனோ மகளோ பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டால் வீட்டில் ஒரு யாத்திரை தொடங்குகிறது. கோயில் கோயிலாகச் செல்வதுபோல், பெற்றோர் பிள்ளையை அழைத்துக்கொண்டு கல்லூரி கல்லூரியாகச் செல்கின்றனர். வாயிலைப் பார்க்கின்றனர், கட்டடத்தைப் பார்க்கின்றனர், அலுவலகச் சன்னலின் முன் வரிசையில் நின்று கட்டண விவரம் கேட்கின்றனர். தெய்வத்தைத் தரிசிக்கச் செல்பவன் முதலில் தன் மனத்தைத் தரிசிக்க வேண்டும் என்பது ஆன்றோர் நெறி. கல்லூரியைப் பார்க்கச் செல்பவருக்கும் அது பொருந்தும். காணப்படும் பொருளைவிடக் காணும் மனமே முதலில் ஆராயப்பட வேண்டியது.

ஓரிடம், மூன்று பார்வைகள்

மும்பையை அடுத்த டோம்பிவிலியில் ஒரு தமிழ்க் குடும்பம். தந்தை ஒரு தனியார் நிறுவனத்தில் பணிபுரிபவர். 25 ஆண்டுகளாக நாள்தோறும் லோக்கல் ரயிலில் நகருக்குச் சென்று திரும்புபவர். தாய் இல்லத்தரசி. ஒரே மகள் பொறியியல் நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்பதை வரிசைப்படுத்தி விருப்பப் பட்டியல் கொடுக்க வேண்டிய நேரம். முதல் சுற்றிலேயே முதல் விருப்பம் ஒதுக்கப்பட்டால் அதைத்தான் ஏற்க வேண்டும் என்பது விதி. ஆகவே பட்டியலின் முதல் வரியில் எதை எழுதுவது என்பது அந்த வீட்டில் பெரிய வினாவாக எழுந்தது.

மகளின் விருப்பம் மாட்டுங்காவிலுள்ள வி.ஜே.டி.ஐ. கல்லூரி, பாடம், சிவில் பொறியியல். தாயின் விருப்பம், வீட்டிலிருந்து பேருந்தில் அரை மணி நேரத்தில் சென்றுவிடக்கூடிய வேறொரு கல்லூரி. "பார்க்காமல் எதுவும் எழுத வேண்டாம்" என்றார் தந்தை. மழைக்கால முற்பகல் ஒன்றில் மூவரும் புறப்பட்டனர். விரைவு வண்டியில் தாதர் வரை. அங்கிருந்து எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டியில் ஏறி மாட்டுங்கா.

கல்விக்கும் மாட்டுங்காவுக்கும் உள்ள உறவு பழையது. பிழைப்புத் தேடி வந்த தென்னிந்தியர் தம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை இங்கேதான் தொடங்கினர். நடந்து செல்லும் தொலைவுக்குள் 1937-இல் தோன்றிய ருயியா கல்லூரியும், 1941-இல் தோன்றிய போதார் கல்லூரியும், 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கி வளர்ந்த வேதித் தொழில்நுட்பக் கழகமும் இருக்கின்றன. வி.ஜே.டி.ஐ. இவை அனைத்திற்கும் மூத்தது. 1887-இல், விக்டோரியா அரசியின் பொன்விழா நினைவாகப் பைக்குலாவில் தொடங்கப்பெற்று, 1923-இல் மாட்டுங்காவுக்கு வந்தது.

வளாகத்தில் மூவரும் ஒரு மணி நேரத்திற்கும் மேல் சுற்றி வந்தனர். தந்தையின் கண்கள் அறிவிப்புப் பலகையில் நின்றன. எந்தெந்த நிறுவனங்கள் வேலைக்கு ஆள் எடுக்க வந்தன, என்ன ஊதியம் என்பதைச் சிறு காகிதத்தில் குறித்துக்கொண்டார். மகளின் கண்கள் ஒரு சோதனைக்கூடத்தின் சன்னலில் நின்றன. உள்ளே சில மாணவர்கள் 15 செ.மீ. அளவுள்ள ஒரு கான்கிரீட் கட்டியை இயந்திரத்தில் வைத்து, அது எவ்வளவு சுமை தாங்குகிறது என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தனர். கட்டி உடைந்ததும் ஒரு மாணவி எண்ணைக் குறித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏன் அக்கா, அதை உடைக்கிறீர்கள்?" என்று மகள் கேட்டாள்.

"எவ்வளவு தாங்கும் என்று தெரியாமல் அதை நம்பி வீடு கட்டலாமா? 28 நாள் தண்ணீரில் ஊற வைத்த பிறகுதான் சோதிப்போம். அவசரப்பட்டால் பலம் தெரியாது" என்றாள் அவள். தான் பத்லாபூரிலிருந்து நாள்தோறும் வந்து செல்வதாகவும் சொன்னாள். பத்லாபூர் டோம்பிவிலிக்கும் அப்பால் உள்ள ஊர்.

தாயும் அதே வளாகத்தைத்தான் பார்த்தாள். ஆனால் அவள் கண்ணில் பட்டவை வேறு. "சுவரெல்லாம் எவ்வளவு பழசு, பார்." "சாப்பிடும் இடத்தில் இத்தனைக் கூட்டம்." "நிலையத்திலிருந்து மழையில் நடந்து வர வேண்டியிருக்கிறது." ஒவ்வோர் இடத்திலும் ஒரு குறை அவளுக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது. வாயிலுக்குத் திரும்பும்போது, "இந்தப் பழைய கட்டடத்திற்காகவா இவ்வளவு தூரம் வர வேண்டும்?" என்றாள். மகள் மறுமொழி சொல்லவில்லை. அவள் முகம் வாடியிருந்தது.

காணப்படும் பொருள் ஒன்று, காண்பவர் மூவர், கண்டவை மூன்று. வேதாந்தம் இதை நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. மனம் உலகத்தை உள்ளபடி காண்பதில்லை. தன்னுள் படிந்துள்ள வாசனைகளின் வழியாகவே காண்கிறது. ஊதியத்தைத் தேடிய கண்ணுக்கு ஊதியம் தெரிந்தது. அறிய விரும்பிய கண்ணுக்குச் சோதனைக்கூடம் தெரிந்தது. குறையைத் தேடிய கண்ணுக்குக் குறைகள் தெரிந்தன. ஆனால் தாய் ஏன் குறையைத் தேடினாள்? அவளுக்குக் கட்டடத்தின்மீது பகையா? இல்லை. அவள் உள்ளத்தில் இருந்தது வேறொன்று. அதன் பெயரை அவள் சொல்லவில்லை.

காட்டுக்குச் சென்ற சிறுவன்

பிள்ளை கல்வி நிலையம் தேடிச் செல்வதும், அதற்கு முன் தாயிடம் ஒரு வினா எழுப்புவதும் இன்று தோன்றிய வழக்கமன்று. சாந்தோக்ய உபநிஷதம் அத்தகைய ஒரு நிகழ்ச்சியை விவரிக்கிறது.

சத்தியகாமன் என்ற சிறுவன் குருகுலம் செல்ல விரும்பினான். குரு முதலில் கோத்திரம் கேட்பார் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே தாய் ஜபாலாவிடம், "அம்மா, என் கோத்திரம் எது?" என்று கேட்டான். எந்தத் தாய்க்கும் கடினமான கேள்வி அது. ஏதேனும் ஒரு கோத்திரத்தின் பெயரைச் சொல்லியிருக்கலாம், சிறுவன் நம்பியிருப்பான். "குருகுலம் எல்லாம் நமக்கெதற்கு? காட்டில் புலி உண்டு, பாம்பு உண்டு" என்று பேச்சை மாற்றியிருக்கலாம், அன்பு மிகுதியால் சொல்கிறாள் என்று ஊரும் நினைத்திருக்கும். ஜபாலா இரண்டையும் செய்யவில்லை. இளமையில் பல இடங்களில் பணிவிடை செய்து திரிந்த காலத்தில் அவனைப் பெற்றதாகவும், அவன் கோத்திரம் தனக்குத் தெரியாது என்றும் கூறினாள். தன் பெயர் ஜபாலா, அவன் பெயர் சத்தியகாமன். ஆகவே சத்தியகாம ஜாபாலன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாள்.

சிறுவன் ஹாரித்ருமத கௌதமரிடம் சென்று, தாய் சொன்னதை ஓரெழுத்தும் மாற்றாமல் சொன்னான். உண்மையிலிருந்து வழுவாத அவனைக் கண்டு மகிழ்ந்த முனிவர், சமித்து கொண்டுவரச் சொல்லி அவனைச் சீடனாக ஏற்றார்.

இக்கதையைச் சொல்பவர்கள் சத்தியகாமனின் வாய்மையைப் போற்றுவர். போற்றத்தக்கதே. ஆனால் அந்த வாய்மை அவனுக்கு எங்கிருந்து வந்தது? வீட்டு வாயிலில் தாய் கொடுத்து அனுப்பிய கட்டுச்சோறு அது. தனக்கு இழிவு வருமே என்று அஞ்சாமல் அவள் உண்மையைச் சொன்னாள். அதனால்தான் அவனும் குருவின்முன் அஞ்சாமல் உண்மையைச் சொன்னான். தாய் மறைத்திருந்தால் மகன் எதை எடுத்துச் சென்றிருப்பான்?

பற்றுக்கும் அன்புக்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்குகிறது. பற்று பிள்ளையைத் தன்னருகே வைத்துக்கொள்வதற்குக் காரணங்களைத் தேடும், கிடைக்காவிடில் உண்டாக்கும். அன்பு தன் நிலையை உள்ளவாறு சொல்லிவிட்டு, பிள்ளைக்கு வழிவிட்டு நிற்கும். பற்றும் கண்ணீர் விடும், அன்பும் கண்ணீர் விடும். ஆகவே கண்ணீரைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய இயலாது. உண்மையைக் கொண்டே அறிய முடியும்.

நடைமேடையில்

மாட்டுங்கா நிலையத்தின் நடைமேடை. மழை தூறிக்கொண்டிருந்தது. 2017-இல் முழுவதும் பெண் ஊழியர்களைக் கொண்டு இயங்கத் தொடங்கி, நாட்டில் முதலாவது என்று பெயர் பெற்ற நிலையம் அது. தந்தை பயணச்சீட்டு வாங்கச் சென்றிருந்தார். மகள் தண்டவாளத்தைப் பார்த்தபடி, "அம்மா, அந்தக் கல்லூரியில் உண்மையாகவே உங்களுக்கு எது பிடிக்கவில்லை?" என்று கேட்டாள்.

தாய் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "கல்லூரியில் ஒரு குறையும் இல்லை. எனக்கு ரயிலைக் கண்டால் பயம்."

அந்தப் பயத்திற்குக் காரணம் இருந்தது. 2025 ஜூன் 9 அன்று காலை, டோம்பிவிலியைத் தாண்டி வரும் திவாவுக்கும் மும்ப்ராவுக்கும் இடையே, நெரிசல் மிகுந்த லோக்கல் வண்டிகளின் வாயில்களில் தொற்றிக்கொண்டு சென்றவர்கள் தவறி விழுந்தனர். குறைந்தது நால்வர் உயிரிழந்தனர். செய்தி வந்தபோது தாய் கணவரின் கைப்பேசிக்கு மீண்டும் மீண்டும் அழைத்தாள். அவர் எடுக்க அரை மணி நேரமாயிற்று. அந்த அரை மணி நேரம் அவளுள் இன்னும் முடியவில்லை.

"இருபத்தைந்து வருஷமாக உன் அப்பா வருகிற சத்தம் கேட்கும்வரை அடுப்படியில் என் காது வாசலிலேயே இருக்கும். இனி உனக்காகவும் அப்படி இருக்க வேண்டுமே என்றுதான் சுவரைக் குறை சொன்னேன்" என்றாள் தாய்.

மகள் தாயின் கையைப் பற்றிக்கொண்டாள். "எனக்கும் பயம்தான் அம்மா. அதைச் சொன்னால் நீங்கள் அனுப்பமாட்டீர்கள் என்று சொல்லவில்லை."

இருவரும் இத்தனை நாட்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்தது ஒரே பயத்தைத்தான். ஜபாலா தன் மகனிடம் சொன்ன ஒரு வாக்கியத்தை இந்தத் தாய் தன் மகளிடம் சொல்ல இத்தனை காலம் ஆயிற்று. சொன்னபின் அவள் குரலில் நடுக்கம் இல்லை.

விளக்கு வேண்டும்

அந்தி மயங்கிய நேரத்தில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று மயங்கி அஞ்சும் உவமையை அறியாத சாதகர் இல்லை. விளக்கைக் கொண்டுவந்தால் பாம்பு மறைந்து கயிறு தெரியும். ஆயினும் இந்த உவமையை வாழ்க்கையில் பயன்படுத்தும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். எல்லாப் பயத்தையும் "கயிறுதான்" என்று தள்ளிவிடுவது வேதாந்தமன்று, அது அசட்டைத்தனம். கிடப்பது பாம்பாகவும் இருக்கக்கூடும். கயிறோ பாம்போ, எதுவாயினும் வேண்டியது விளக்கே. கயிறென்று கண்டால் கடந்து செல்லலாம். பாம்பென்று கண்டால் விலகிச் செல்லலாம். விளக்கே இல்லாமல் இருட்டில் அமர்ந்து அழுவதுதான் அஞ்ஞானம்.

அந்தக் குடும்பம் செய்தது இதுதான். கல்லூரியைப் பார்க்கச் சென்றது முற்பகலில், நெரிசல் தணிந்த நேரத்தில். மகள் உண்மையில் செல்ல வேண்டிய நேரம் அதுவன்று. ஆகவே மறுநாள் காலை, அலுவலகம் செல்வோரின் கூட்டம் மிகுந்த வேளையில், தாயும் மகளும் டோம்பிவிலி நிலையத்தின் நடைமேடையில் நின்றனர். மகளிர் பெட்டி நிற்கும் இடத்தை அறிந்தனர். முதல் வண்டியில் ஏற முடியவில்லை; விட்டுவிட்டனர். இரண்டாவதையும் விட்டனர். மூன்றாவதில் உள்ளே சென்று நின்றனர். நாள்தோறும் செல்லும் பெண்கள் புதியவர்களுக்கு வழி சொன்னார்கள்: எந்த நிலையத்தில் எந்தப் பக்கம் இறங்க வேண்டும், எப்போது வாயிலை நோக்கி நகரத் தொடங்க வேண்டும் என்று. தாதரில் இறங்கியபோது தாயின் புடவை கசங்கியிருந்தது. பயம் முழுவதும் நீங்கிவிட்டதா? இல்லை. ஆனால் பெயரற்ற இருளாக இருந்தது, இப்போது எல்லை தெரிந்த ஒன்றாக ஆகியிருந்தது.

அன்று மாலை மகள் ஒரு வாக்குக் கொடுத்தாள்: "வாயிலில் ஒருநாளும் நிற்கமாட்டேன். இடமில்லை என்றால் வண்டியை விட்டுவிடுவேன். பாடத்துக்குத் தாமதமானாலும் சரி." தாயும் ஒரு வாக்குக் கொடுத்தாள்: "அரை மணிக்கு ஒருமுறை அழைத்து உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன். வீடு வந்து சேரும் வரை ராமநாமம் சொல்லிக்கொண்டிருப்பேன்." விருப்பப் பட்டியலின் முதல் வரியை மகள் எழுதினாள். பேருந்தில் செல்லக்கூடிய கல்லூரி இரண்டாம் வரியில் இடம்பெற்றது. எது கிடைக்கும் என்பது அவர்கள் கையில் இல்லை. எழுதும் கை பொய்யின்றி எழுதியது. அவர்கள் செய்யக்கூடியது அவ்வளவே. பயனைப் பகவானிடம் விடுதல் என்று கீதாசாரியன் உபதேசித்த கர்மயோகத்தின் முதற்படி இதுவே.

ஒரே குருகுலம், இரண்டு மாணவர்

சரி, இடம் கிடைத்துவிட்டது என்றே கொள்வோர் அறிய வேண்டியதையும் உபநிஷதம் கூறுகிறது. கல்லூரி கிடைப்பதும் கல்வி கிடைப்பதும் ஒன்றல்ல.

ஆத்மாவை அறிய வேண்டும் என்று தேவர்களின் சார்பில் இந்திரனும், அசுரர்களின் சார்பில் விரோசனனும் பிரஜாபதியிடம் வந்தனர். இருவருக்கும் ஆசிரியர் ஒருவரே. இருந்த இடம் ஒன்றே. தங்கிய காலமும் 32 ஆண்டுகள் என ஒன்றே. முதல் உபதேசத்தையும் இருவரும் ஒன்றாகவே கேட்டனர். நீரில் தெரியும் உருவத்தைக் கண்டு, உடலே ஆத்மா என்று எண்ணிய விரோசனன் நிறைவடைந்து ஊர் திரும்பினான். பட்டம் வாங்கிவிட்டோம் என்ற நிறைவு அது. இந்திரனும் புறப்பட்டான். ஆனால் பாதி வழியில் அவனுள் ஒரு வினா எழுந்தது. இந்த உடல் அழிந்தால் ஆத்மாவும் அழியுமோ? சமித்துடன் திரும்பி வந்தான். மீண்டும் 32 ஆண்டுகள், மீண்டும் ஐயம், மீண்டும் 32 ஆண்டுகள், இறுதியில் 5 ஆண்டுகள். மொத்தம் 101 ஆண்டுகள் தங்கியபின் மெய்ப்பொருள் அவனுக்கு விளங்கிற்று.

பிரஜாபதியே ஆசிரியராக வாய்த்தும் விரோசனன் வெறுங்கையுடன் திரும்பினான். மறுபுறம், கௌதமர் சத்தியகாமனுக்கு முதலில் கொடுத்தது பாடமன்று. மெலிந்த 400 பசுக்களை. அவை ஆயிரமாகும்வரை திரும்புவதில்லை என்று காட்டுக்குள் சென்ற அவனுக்கு எருதும், அக்கினியும், அன்னமும், ஒரு நீர்ப்பறவையும் பிரம்மத்தின் ஒவ்வொரு பாதத்தை உபதேசித்தன. கேட்கும் உள்ளம் இருந்தால் மாட்டு மந்தையும் பல்கலைக்கழகமே. அது இல்லையெனில் பெரும்புகழ் பெற்ற வளாகமும் நிழற்படம் எடுத்துக்கொள்ளும் இடமாகவே முடியும்.

ஆகவே பிள்ளையுடன் கல்லூரிக்குச் செல்லும் பெற்றோர் கட்டடத்தைப் பார்க்கட்டும், கட்டணத்தையும் கேட்கட்டும், வேலை வாய்ப்பைப் பற்றி விசாரிப்பதும் இல்லறத்தாரின் கடமையே. அவற்றோடு, பிள்ளை எந்த இடத்தில் தானாக நிற்கிறது, எதைக் கண்டு வினா எழுப்புகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பல சமயம் ஒரு நூலகத்தின் வாசலோ, ஒரு சோதனைக்கூடத்தின் சன்னலோ பிள்ளையின் ஸ்வபாவத்தைப் பெற்றோருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே பயிலும் மாணவரிடம் பிள்ளையைத் தனியே பேசவிட வேண்டும். வீடு திரும்பியபின் தம் உள்ளத்தைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்: "சொன்ன காரணம் உண்மையான காரணந்தானா? அல்லது உண்மையான காரணத்தை மறைக்க எடுத்துக்கொண்ட திரையா?" பயமாயினும், பணமில்லை என்பதாயினும், தான் படிக்க முடியாமற்போன ஏக்கமாயினும், உள்ளதைப் பிள்ளையிடம் உள்ளபடி சொல்ல வேண்டும். பிள்ளைகள் வறுமையைத் தாங்குவர், மறுப்பையும் தாங்குவர். பெற்றோர் தம்மிடம் மறைத்தனர் என்பதைத்தான் அவர்களால் எளிதில் தாங்க முடிவதில்லை.

அன்னையின் பெயர்

விக்டோரியா அரசியின் பெயரால் தொடங்கப்பெற்ற அந்த மாட்டுங்கா கல்லூரிக்கு 1997-இல் பெயர் மாற்றம் நிகழ்ந்தது. இன்று அதன் பெயர் வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்பக் கழகம். சுருக்கப் பெயரில் ஓரெழுத்தும் மாறவில்லை. ஆனால் வாயிலில் இருப்பது இப்போது ஓர் அன்னையின் பெயர்.

ஜீஜாபாய் சத்ரபதி சிவாஜியின் தாய். 1666-இல் மகன் ஔரங்கசீப்பின் அவையை நாடி ஆக்ராவுக்குச் செல்ல நேர்ந்தபோது, பகைவரின் கோட்டைக்குள் செல்கிறான் என்று அவருக்குத் தெரியாமலில்லை. மகனை அனுப்பிவிட்டு ராஜ்யப் பொறுப்பைத் தாம் ஏற்றுக்கொண்டார். மகன் ஆக்ராவில் காவலில் வைக்கப்பட்ட மாதங்களில் அந்தத் தாயின் இரவுகள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதைத் தாய்மாரே அறிவர். மகன் மீண்டு வந்தார். 1674 ஜூன் 6 அன்று ராய்கட் கோட்டையில் நடந்த முடிசூட்டு விழாவைக் கண்ணாரக் கண்டபின், சில நாட்களில் அந்த அன்னை உயிர் நீத்தார்.

ஜபாலாவும் அஞ்சியிருப்பாள், ஜீஜாபாயும் அஞ்சியிருப்பார். அஞ்சாதவள் தாயாக இருக்க முடியாது. அச்சத்தை உண்மையாக ஏற்று, அதை இறைவன் திருவடியில் வைத்துவிட்டு, பிள்ளையின் தலையில் கை வைத்து வாழ்த்துவதே தாய்மையின் தவம். டோம்பிவிலியின் அந்த வீட்டில், விருப்பப் பட்டியலை அனுப்பி முடித்ததும் தாய் செய்தது அதுதான். பூஜையறை விளக்கின் முன் மகளை நிறுத்தி நெற்றியில் விபூதி இட்டாள். அப்போது அவள் கை சற்றே நடுங்கியது. மகள் அதைக் கண்டாள். தாயும் அதை மறைக்கவில்லை.